பாம்பும் நடுங்கும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால், அன்பர்களே, அந்தப் பாம்பும் நடுங்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பட்டணத்தில் சிலர் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கிறார்கள். கைப்பேசியில் அதைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிடுகிறது. லூபோக் சீனா வட்டாரத்துச் செம்பனைக் காடுகளுக்கு 'ஊலார் சாவா' எனும் மலைப்பாம்பு புதிதல்ல. என் மாணவன் ஒருவன் அதன் குட்டியைப் பிடித்துப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தான். "கிட்டே போனாலே சீறுகிறது சார், எப்படிப் பழக்குவது?" என்று கேட்டான். அவன் தகப்பனாரோ, "அடித்துப் போட்டால் தொல்லை விட்டது, வாத்தியாரே" என்றார்.

சீறுவது கோபத்தால் அல்ல, பயத்தால். குட்டிப் பாம்பைக் கழுகும் தின்னும், உடும்பும் தின்னும். மேலிருந்து இறங்கும் கை அதற்குக் கழுகின் கால்தான்.

அனுமதி பெற்று முறையாக வளர்ப்பவர்கள் இதை அறிவார்கள். புதிதாக வந்த குட்டியை ஒரு வாரம் வரை தொடமாட்டார்கள். ஒளிந்துகொள்ள இருட்டான இடம் தருவார்கள். பிறகு, பக்கவாட்டில் மெல்லக் கை நீட்டி, தலையைப் பிடிக்காமல் உடம்பை இரு கைகளாலும் தாங்குவார்கள். முதலில் ஐந்து நிமிடம் போதும். இரை தின்றபின் இரண்டு நாளும், தோலுரிக்குமுன் கண் பால்போல் மங்கும் நாட்களிலும் தொடமாட்டார்கள். எலியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டே அருகில் போவார்கள். மலைப்பாம்பின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலி வாசமும் கைச்சூடும் சேர்ந்தால் கையே இரையாகிவிடும்!

"இப்படிப் பழக்கினால் என்னிடம் பிரியமாக இருக்குமா சார்?" என்றான் பையன். நாயைப் போல் பிரியம் காட்டாது. 'இந்தக் கை தீங்கு செய்யாது' என்பதை மட்டுமே கற்றுக்கொள்ளும். கூண்டில் வாழும் பாம்புக்கு அந்தப் பாடம் நிம்மதி. காட்டுப் பாம்புக்கோ அதுவே ஆபத்து. இருபதடிக்கு மேலும் வளரக்கூடியதை எந்த லயத்து வீட்டில் வைப்பது? ஒருநாள் வெளியே விட்டாக வேண்டும். பயம் மறந்த பாம்பு அன்று பாராங் கத்திக்காரனைக் கண்டு ஒதுங்குமா?

பாம்பு பிடிப்பதில் இருளர்களுக்கு நிகரானவர்கள் அரிது. தமிழ்நாட்டில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். எதற்குத் தெரியுமா? வளர்க்க வாங்கியவர்கள் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகி, அந்த மண்ணின் பிராணிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்கத்தான்! 2023-இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி மலைப்பாம்பை வைத்திருப்பது குற்றம். இதைப் பையனுக்குச் சொன்னேன். தகப்பனாரிடம் கேட்டேன்: "எலியை ஒழிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறோம். சம்பளம் கேட்காமல் எலி பிடிப்பதை அடிக்கலாமா?" அவர் சிரித்துவிட்டார். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து டின்னை வாங்கிச் சென்றார்கள். பையனுக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் நல்லதுதான். அடித்துப் போட்டிருந்தால் அதுகூட வந்திருக்காது.

பெற்றோரே, ஒன்றை மறவாதீர்கள். நாகக் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. எந்தக் குட்டியானாலும் கையில் எடுத்துப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் விலகி நின்று 999-ஐ அழையுங்கள். தோட்டத்தில் கண்டால் வழி விடுங்கள். அதன் பயம் அதற்குக் காவல், நமக்கும் காவல்.