பெயரில் மட்டும் வாழும் படக்கொட்டகை

கோயம்புத்தூர் நகரின் பழைய பகுதியில், டவுன்ஹாலுக்கும் புகைவண்டி நிலையத்திற்கும் அண்மையில், வெரைட்டி ஹால் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. கடைகளும் விடுதிகளும் நெருங்கி நிற்கும் வணிகச் சாலை அது. அங்குள்ள காவல் நிலையத்திற்குங்கூட அப்பெயரே வழங்குகிறது. ஆயினும், அந்த ஹாலைக் காண விரும்பிச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். சாலைக்குப் பெயர் தந்த கட்டடம் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நின்று நிலவுகிறது. அப்பெயருக்குப் பின்னே உள்ள வரலாற்றை நம் இல்லங்களிற் பேசுவோர் எத்தனை பேர்?

அந்த அரங்கை எழுப்பியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் பிறந்த இவர், இளமையில் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்தார். மாதச் சம்பளத்தில் அமைதியாக வாழ்ந்திருக்கக் கூடியவர். 1905-ஆம் ஆண்டு, டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியுடன் திருச்சிக்கு வந்தார். உடல்நலம் குன்றியதால் தாயகம் திரும்ப எண்ணிய அவர், கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். தம் பல ஆண்டுச் சம்பளத்திற்கு ஈடான தொகையைத் திரட்டி அவற்றை வாங்கினார் இருபத்திரண்டு வயது இளைஞரான வின்சென்ட். வேலையையும் துறந்தார். அவ்வாறு வாங்கிய படங்களுள் இயேசு பெருமானின் வாழ்வைக் காட்டும் படமும் ஒன்றாகும்.

அதன்பின் அவர் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். மின்சாரம் எட்டாத அந்நாளில் கருவி, விளக்கு, திரை, கூடாரத் துணி ஆகிய யாவற்றையும் உடன் சுமந்து செல்ல வேண்டும். தமிழகத்து ஊர்களைக் கடந்து, பர்மாவின் ரங்கூன், இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூர், பெஷாவர் வரை அவர் பயணம் நீண்டது. எழுத்தறியாத எளிய மக்கள், மரியன்னையின் மடியிற் கிடந்த குழந்தையும் கல்வாரிக் குன்றின் சிலுவையும் திரையில் அசைவதைக் கண்டு வியந்து நின்றிருப்பர். பம்பாயில் இயேசுவின் வாழ்வு பற்றிய படமொன்றைக் கண்டே தாதாசாகிப் பால்கே தாமும் படம் எடுக்க உறுதி பூண்டார் என்பதும், அதன் பயனாக 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கவை.

அலைந்து திரிந்த கூடாரம் 1914-ஆம் ஆண்டு நிலையான கட்டடமாயிற்று. அதுவே வெரைட்டி ஹால். தென்னகத்தில் நிலையான திரையரங்குகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த காலம் அது. சென்னையில் வார்விக் மேஜர் அமைத்த எலெக்ட்ரிக் தியேட்டர் 1913-இலும், ரகுபதி வெங்கையா நிறுவிய கெயிட்டி 1914-இலும் எழுந்தன. பெருநகரமாம் சென்னைக்கு ஈடாகக் கோவையும் அவ்வாண்டே அரங்கு பெற்றது ஒரு தனி மனிதரின் துணிவினால் அன்றோ?

வின்சென்ட் படம் காட்டுவதோடு அமைந்துவிடவில்லை. 1916-இல் மின்விசையால் இயங்கும் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1932-இல் தான். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மனிதர் மின்னாற்றலைத் தொழிலுக்குப் பயன்படுத்தினார். பேசும் படங்கள் வந்தபோது, 1933-இல் ‘வள்ளி திருமணம்’ படத்தின் தயாரிப்பிற் பங்கு கொண்டார். கோவையின் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. 1942-இல் அவர் மறைந்தார்.

அவர் சென்ற பின்னும் அரங்கு வாழ்ந்தது. பிற்காலத்தில் அது ‘டிலைட்’ எனப் பெயர் மாறியது. புதுப்படங்கள் பெரிய அரங்குகளை நாடிச் சென்றபோது, பழைய படங்களைக் குறைந்த கட்டணத்திற் காட்டி அது தன் காலத்தை ஓட்டியது. வீட்டிற்குள் தொலைக்காட்சி வந்தது. நகரின் நடுவில் நிலத்தின் விலை ஏறிற்று. ஒரே கட்டடத்திற் பல திரைகள் கொண்ட அரங்குகள் எழுந்தன. தமிழகமெங்கும் ஒற்றைத் திரை அரங்குகளை வீழ்த்திய காரணங்களே டிலைட்டையும் வீழ்த்தின. 2023-ஆம் ஆண்டு அக்கட்டடம் இடிக்கப்பட்டது.

சென்னையின் எலெக்ட்ரிக் தியேட்டருக்கு நேர்ந்ததோ வேறு. படக்காட்சி நின்று, அஞ்சல் துறையின் கைக்குச் சென்ற அக்கட்டடம், அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தினுள் பிழைத்து நிற்கிறது. பயன் மாறினும் கட்டடத்தைக் காக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. கோவையின் அரங்கிற்கு அப்பேறு வாய்க்கவில்லை.

திரைப்படம் நன்மை தருமா, தீமை தருமா என நம் குடும்பங்களில் நெடுங்காலம் விவாதித்திருக்கிறோம். அவ்விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பழைய கொட்டகைகளில் தரை, பெஞ்சு, நாற்காலி என வகுப்புகள் பிரிந்திருந்தன. கட்டணத்திற்கேற்ப மனிதர் பிரிந்தே அமர்ந்தனர். ஆயினும் விளக்கு அணைந்ததும் மூட்டை தூக்குபவரும் முதலாளியும் ஒரே காட்சிக்குச் சிரித்தனர்; ஒரே காட்சிக்குக் கண் கலங்கினர். ஆலயமும் சந்தையும் தவிர, ஊரார் இவ்வாறு ஒன்றுகூட வேறு எத்தனை இடங்கள் இருந்தன? இன்று வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் தனித்தனியே படம் காண்கின்றனர். நாம் இழந்தது செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல என்பது அப்போது புலனாகும்.

இடிந்த கட்டடத்தை நம்மால் மீட்க இயலாது. ஆனால் பெயர் இன்னும் நம் கையில் உள்ளது. பொருள் மறந்த பெயர் நாளடைவில் வெற்றொலியாகிவிடும். பிறகு அதனை மாற்றினும் வருந்துவார் எவரும் இரார். ஆகவே பெற்றோரே, தாத்தா பாட்டியரே, பெரிய கடை வீதியில் உள்ள புனித மிக்கேல் பேராலயத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாளில், சற்றே தள்ளியுள்ள இச்சாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். இரயில்வே வேலையைத் துறந்து, இயேசுவின் வாழ்வைக் காட்டும் படச்சுருளுடன் ஊர் ஊராய்ச் சென்ற இளைஞரின் கதையைச் சொல்லுங்கள். அவர் எழுப்பிய ஹாலின் பெயரையே இச்சாலை தாங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறியட்டும்.