அட்டை

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் என்று எம்.ஏ. வகுப்பில் படித்தேன். நெடுநல்வாடையை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பாடம் நடந்தது. எங்க அம்மாவுக்கு இந்த ரெண்டு மாசமும் அட்டைக் காலம். தாண்டிக்குடி காப்பித் தோட்டங்களில் மழை பிடித்துவிட்டால் சருகுக்கு அடியிலிருந்து அட்டை கிளம்பும். புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் தடவிக்கிட்டுத்தான் பொம்பளைங்க உள்ளே இறங்குவாங்க. அப்படியும் சாயங்காலம் வந்து சேலையை உதறினால் ரெண்டு மூணு விழும். கடிக்கும்போது தெரியாது. ரத்தம் நிற்காமல் வடியும்போதுதான் தெரியும்.

இந்த மழையில்தான் கீழ்ப்பழனி மலையிலிருந்து காய்கனி நிறைய இறங்குகிறது. சவ்சவ் பந்தல் நிறையக் காய்க்கும். பீன்ஸ் வரும். பட்டர் பழம் முடிகிற நேரம், ஆரஞ்சு நிறம் மாறுகிற நேரம். காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும். மலைவாழைக்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை, வருசம் முழுக்க உண்டு. ஆனால் முடிக்கொத்து நோய் வந்து தோட்டந்தோட்டமாய் அழிந்த பிறகு முன்னே இருந்த அளவு இல்லை. அழிந்தபோது தோட்டக்காரர்கள் காப்பிக்கும் மிளகுக்கும் மாறினார்கள். கூலி சனங்க எதுக்கு மாறுறது? திருப்பூருக்கு பஸ் ஏறினாங்க. தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாழைக்கு வந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி உண்டு.

நான் இப்ப மதுரையில் இருக்கிறேன். காய் வாங்க உழவர் சந்தைக்குத்தான் போவேன். 1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணா நகரில்தான் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். கலைஞர் ஆட்சி. அதே வருசம் ஆந்திராவில் ரைத்து பஜார் வந்திருந்தது, பஞ்சாபில் அதுக்கும் முன்னாலேயே அப்னி மண்டி. தரகு இல்லை, கடை வாடகை இல்லை, தராசு அரசாங்கமே கொடுக்கும். மொத்த விலைக்கு மேலே சுமார் 20 சதவீதம், சில்லறை விலைக்குக் கீழே சுமார் 15 சதவீதம் என்று கணக்குப் பார்த்து தினமும் காலையில் பலகையில் விலை எழுதுவார்கள். நல்ல ஏற்பாடு. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூலிக்காரி குடும்பமும் அரைக் கிலோ பீன்ஸ் வாங்க முடிகிற இடம் அது.

விடியற்காலையில் போனால் மலைக்காய் கிடைக்கும். எங்க ஊர்க்காய் எதுன்னு எனக்குப் பார்த்தாலே தெரியும். சவ்சவ்வில் நகம் வைத்தால் இறங்கணும், பால் கசியணும். மலைவாழை சின்னதாய், தோல் தடியாய், லேசாய்க் கோணலாய் இருக்கும். தோல் கறுத்தால்தான் அது பழம். மதுரைக்காரங்க கறுப்பைப் பார்த்ததும் அழுகல்னு ஒதுக்கிடுறாங்க, பழத்துக்கும் நிறம் பார்க்கிற ஊரு இது! பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்த வாழைதான் சேரும். 2019இல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். வாழைப்பழம் எந்தக் காலத்திலும் தடையில்லாமல் கருவறைவரைக்கும் போயிருக்கிறது. நம்ம சனங்க மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைய 1939 சூலை 8 வரவேண்டியிருந்தது, அதுவும் எத்தனையோ பேர் காவல் நின்று.

உழவர் சந்தையில் உட்கார்ந்து விற்க அட்டை வேணும். போட்டோ ஒட்டிய உழவர் அடையாள அட்டை. அது வாங்க வி.ஏ.ஓ. சான்று, சிட்டா, அடங்கல் எல்லாம் வேணும். நிலத்தில் என்ன பயிர் நிற்குதுன்னு அதிகாரிகள் வந்து பார்ப்பாங்க. வியாபாரி உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று வைத்த விதி. நியாயமான விதிதான். ஆனால் அந்த விதிப்படி எங்க அம்மா யாரு?

ஓடைக்கரையில் எங்களுக்கு முப்பது சென்ட். தாத்தா காலத்தில் கல் பொறுக்கித் திருத்தியது. வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு. பி மெமோ போட்டுத் தண்டத்தீர்வை கட்டிய ரசீதுகளை அம்மா தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். கட்டின காசுக்கு ரசீது உண்டு, நிலத்துக்குப் பட்டா இல்லை. நாள்முழுக்கத் தோட்டத்துக் கூலி, காலையும் சாயங்காலமும் சவ்சவ் பந்தல். அட்டைக்கு விசாரிக்க ஒரு ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே கேள்விதான் வந்தது: “நிலம் யார் பேர்ல?” அம்மா ரசீதை நீட்டினார். அவர் பார்த்துவிட்டு, “இது நீங்க ஆக்கிரமிப்பு பண்ணினதுக்கு அத்தாட்சிம்மா” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னது: “நமக்குத் தெரிஞ்ச அட்டை கால்ல ஏறுறதுதான் புள்ள.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குத்தகைக்குப் பார்க்கிறவங்க கதையும் இதுதான். எங்க பக்கம் குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சு. காகிதத்தில் எழுதினால் 1955ஆம் வருசத்துக் குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும் என்று நிலக்காரருக்கு பயம். உழுதுண்போர், உழுவித்துண்போர் என்று வேளாளரை உரையாசிரியர்கள் ரெண்டாகப் பிரித்தார்கள். தேர்வில் இந்தக் கேள்விக்கு நான் நல்லா எழுதினேன். அந்தப் பிரிவில் அரசாங்கத்தின் அட்டை எந்தப் பக்கம் போகுதுன்னு அப்ப யாரும் கேட்கலை.

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் தலித்துகள் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் 16.6 சதவீதம். நிலமே கொடுக்காமல் விட்டதாகவும் சொல்ல முடியாது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்கீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதுக்கப்புறமும் நம்ம சனத்துக்குள்ளேதான் விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலம் யார் யார் கைக்குப் போனது என்று கேட்டதற்குத்தான் காரணைப் போராட்டம், 1994 அக்டோபர் 10இல் துப்பாக்கிச் சூடு, ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேர் உயிர். சந்தையில் ஒரு கிலோ காய்க்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது.

அட்டை இல்லாததால் அம்மாவின் காய் வத்தலக்குண்டு கமிஷன் கடைக்குப் போகிறது. பாதைவரைக்கும் குதிரைச் சுமை, அதுக்கு ஒரு கூலி. வண்டி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன், மூட்டைக்கு இவ்வளவு கழிவு. எல்லாம் போக போன கார்த்திகையில் கிலோவுக்கு 6 ரூபாய் கையில் வந்தது. அதே வாரம் இங்கே சந்தைப் பலகையில் சவ்சவ் 22 ரூபாய். காப்பிக்கு இந்தப் பேச்சே இல்லை. அது சந்தைக்கே வராது. எடுத்த பழத்தை நிறுத்துக் கூலி போடுவதோடு அம்மாவுக்கும் அந்தப் பழத்துக்கும் உறவு முடிந்தது.

ஒரு உழவர் சந்தையில், எதுன்னு வேண்டாம், போன வருசம் நடந்ததைச் சொல்லணும். ஒரு பெரியவர் சவ்சவ் குவித்து வைத்திருந்தார்.

“எந்த ஊர்க்காய்ங்கய்யா?”

“பண்ணைக்காட்டுப் பக்கம்மா. பாருங்க, நேத்துப் பறிச்சது.”

“எனக்குத் தாண்டிக்குடிங்க.”

முகம் மலர்ந்துவிட்டது. “அட, நம்ம மலையா! வாங்கம்மா, நல்லதாப் பார்த்து எடுத்துக்கங்க. அங்க எந்தப் பக்கம்?”

இந்த ‘எந்தப் பக்கம்’ என்ன கேட்குதுன்னு இதை வாசிக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலனி என்றேன்.

“ஓ.” காயைத் தராசில் வைத்தார். “ரெண்டு கிலோ இருக்கு. எடுத்துக்க.”

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம், “நீங்க சொல்லுங்கம்மா” என்றார். ஒரு ‘ங்க’தான் குறைந்தது. மரியாதைப் பன்மை என்று இலக்கணத்தில் படித்த விகுதி, என் வாய் ஊர்ப்பேர் சொன்ன ஒரு நிமிசத்தில் கழன்று விழுந்தது. எடை சரியாக இருந்தது, அதையும் சொல்லணும். விலையும் பலகையில் இருந்ததுதான். எந்த அதிகாரியிடம் போய் என்னவென்று புகார் கொடுப்பது? மீதிச் சில்லறையை மட்டும் அவர் கையில் தரவில்லை, காய் மேலே வைத்தார். நான் எடுக்காமல் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. பிறகு எடுத்துக் கையில் கொடுத்தார்.

பளியர் சனங்க நிலைமை இதைவிட மோசம். தேன், கல்பாசி, கடுக்காய் எல்லாம் அவங்க காட்டிலிருந்து வருது. சிறு வனப்பொருள் மேல் அவங்களுக்கு உரிமை உண்டு என்று 2006ஆம் வருச வன உரிமைச் சட்டம் சொல்கிறது. காடு அடங்கலில் வராது, அடங்கல் இல்லாமல் அட்டை வராது. அதைத் தனியாக எழுதணும்.

இப்ப எங்க காலனியில் பதினொரு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஓடைக்கரை நிலம், எல்லாருக்கும் பி மெமோ. நிலத்துக்குப் பட்டா, அது வரும்வரைக்கும் சாகுபடியை நேரில் பார்த்துவிட்டு அட்டை, இதுதான் மனு. எழுதியது நான். தொழில் என்ற இடத்தில் ‘விவசாயக் கூலி’ என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டும்போது அம்மா நிறுத்தச் சொன்னார். “கூலி தோட்டத்துல. பந்தல்ல நான் கூலியா?” என்றார். மாற்றி எழுதினேன். திங்கட்கிழமை திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் மனுநாள். முதல் பஸ்ஸில் இறங்கினால்தான் வரிசையில் நிற்க முடியும். பழம் எடுப்பு தொடங்கிவிட்டது, பதினொரு பேருக்கும் அன்றைய கூலி போகும். ரசீதுகளை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். பழைய ரசீது ரெண்டில் மட்டும் எழுத்து மங்கிவிட்டது.