பார்க்காத படத்துக்குத் தீர்ப்பு

எம்.ஜி.ஆரின் 'அன்பே வா' ஓர் ஈயடிச்சான் காப்பி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் டீக்கடையில் சொன்னேன், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விடவில்லை. 1961-ல் வந்த 'கம் செப்டம்பர்', ராக் ஹட்சன், ஜினா லோலோபிரிஜிடா என்று பெயர்களை எடுத்து விடுவேன். எதிராளி அடங்கிவிடுவார். அந்த இங்கிலீஷ் படத்தை நான் பார்த்ததே இல்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் இசை. பாபி டாரின் போட்ட மெட்டு. அந்தக் காலத்தில் நம் தியேட்டர்கள் பலவற்றில் திரை மேலே ஏறும்போது அதைத்தான் போடுவார்கள். மற்றதெல்லாம் பத்திரிகைத் துணுக்குகளில் பொறுக்கியது. 'சாந்தி நிலையம்' (1969) 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கைப் பார்த்து எடுத்தது என்றும் அதே கையோடு அடித்துவிட்டேன். அதையும் பார்க்காமல்தான். இங்கிலீஷ் படம் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது, மலிவாகவும் கிடைத்தது.

மில்லில் ஷிப்ட் முடித்து வரும் அண்ணாச்சி ஒருவர் எம்.ஜி.ஆர். படம் என்றால் உயிரை விடுவார். "தம்பி, சொந்த வீட்டுக்கே வாடகை குடுத்துட்டு உள்ள போவாரு பாருங்க, அந்த இடம்..." என்று ஒருநாள் ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை நான். "அதெல்லாம் இங்கிலீஷ்ல எப்பவோ வந்தாச்சு அண்ணாச்சி." கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார். அதன்பின் என்னிடம் சினிமா பேசியதே இல்லை.

பல வருஷம் கழித்து, இணையத்தின் புண்ணியத்தில் 'கம் செப்டம்பர்' பார்த்தேன். கரு ஒன்றுதான், மறுப்பதற்கில்லை. பணக்காரன் தன் பங்களாவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறான். வேலைக்காரன் அதை வாடகைக்கு விட்டுக் காசு பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அண்ணாச்சி சொல்ல வந்த இடம் அதில் இல்லை! அதில் வரும் இத்தாலி பங்களாவின் வேலைக்காரனுக்கு முதலாளியை நன்றாகத் தெரியும். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பாவம் இவருக்குப் புத்தி பிசகிவிட்டது, இந்த வீடு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று விருந்தாளிகளிடம் கதை கட்டுகிறான். 'அன்பே வா'வில், சிம்லா பங்களாவின் வேலைக்காரனாக வரும் நாகேஷுக்கு முதலாளியின் முகமே தெரியாது. எம்.ஜி.ஆரும் யாரென்று சொல்லாமல் தன் வீட்டிலேயே குடித்தனக்காரராகிறார். முதலாளியிடமே வாடகை கேட்டு நாகேஷ் மிரட்டுகிற அத்தனை சிரிப்பும் அங்கிருந்து பிறப்பதுதான். எம்.ஜி.ஆரை ஒரு வேலைக்காரன் பைத்தியம் என்று சொல்லியிருந்தால் நம்மூர்த் தியேட்டரில் நாற்காலி மிஞ்சியிருக்குமா? இயக்குநர் திருலோகசந்தருக்கு இது தெரியாமலா இருக்கும்!

காதலும் வேறு. அங்கே பழைய காதலி. இங்கே வாடகைக்கு வந்த குடும்பத்துப் பெண் சரோஜாதேவி. பாட்டு அங்கே ஊறுகாய் அளவுக்குத்தான். இங்கே வாலியும் எம்.எஸ்.விஸ்வநாதனும் பாட்டை வைத்தே ஊடலைக் காதலாக்கிவிடுகிறார்கள். ஏ.வி.எம். எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த ஒரே படம் இது, 1966 பொங்கலுக்கு வந்தது.

பார்க்காமல் பேசியதைவிடக் கேவலம், பார்த்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தது. அண்ணாச்சியை வாரச் சந்தையில் பார்க்கிறேன். சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சொன்னால் பெயர் போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

என் பேச்சை நம்பி யாராவது 'அன்பே வா'வைப் பார்க்காமல் விட்டிருந்தால், தயவுசெய்து பார்த்துவிடுங்கள். 'கம் செப்டம்பர்' அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.