கடலோர வீடு: வாடகையில் உப்புக்கும் பங்கு

செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டி, சுமார் 30 கிலோமீட்டரில் மாமல்லபுரம். இரண்டு ஊரிலும் ‘வீடு வாடகைக்கு’ போர்டு தொங்குகிறது. கணக்குதான் வேறு.

செங்கல்பட்டுப் பக்கம் வாடகை, வேலையை நம்பி நிற்கிறது. பரனூரில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலை நகரில் தொழிற்சாலைகள். மாதச் சம்பளக்காரர்கள் என்பதால் பெரும்பாலும் வாடகை தேதி தவறாது. அதே மறைமலை நகரில்தான் ஃபோர்டு ஆலை 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஒரே கம்பெனியை நம்பி, கடன் வாங்கி மாடி எடுப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

மாமல்லபுரத்தில் முதல் எதிரி காற்று. ஜன்னல் கிரில், கேட், ஏசியின் அவுட்டோர் யூனிட் எல்லாம் சீக்கிரம் துருவேறும். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கும். சீலிங் பூச்சு பெயர்ந்து குடியிருப்பவர் தலையில் விழும். கடற்கரைக் கோயிலே இதற்குத் தப்பவில்லை. தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி, கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறது. காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் உண்டு. பல்லவர் கல்லுக்கே இந்த வைத்தியம் என்றால், நம் செங்கல் சுவருக்கு?

அடுத்த தடை அந்தப் பல்லவர்களேதான்! பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழுது பார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டவும் அனுமதி வாங்க வேண்டும். சின்னங்கள் ஊருக்கு நடுவிலேயே இருப்பதால், ‘மேலே ஒரு மாடி போட்டு வாடகைக்கு விடலாம்’ என்று தரகர் சொன்னால் முதலில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டப்படி, தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். கிரில்லுக்குப் பெயின்ட் யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை.