ஊருக்காக ஒரு காதல்

ஆணும் பெண்ணுமாய் இரண்டு நண்பர்கள். ஏதோ ஒரு நெருக்கடியைச் சமாளிக்கக் காதலர்களாக நடிக்க ஒப்புக்கொள்கிறார்கள். இப்படித் தொடங்கும் நாவல் முடிவதற்குள் நடிப்பு நிஜமாகிவிடும். ஜென்னி ஹான் 2014-இல் எழுதிய ‘டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’ நாவலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர் இதற்கு நிபந்தனைகள் எழுதி ஒப்பந்தமே போட்டுக்கொள்கிறார்கள். 2018-இல் படமாகவும் வந்து உலகம் சுற்றிய கதை அது. நம் பிள்ளைகளும் இத்தகைய கதைகளைக் கைப்பேசியில் விரும்பிப் படிக்கிறார்கள்.

இந்தக் கதையைப் பெரியதாழையில் வைத்து யோசித்துப் பார்க்கிறேன். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பனையும் செம்மண் தேரியுமாக இருக்கும் மீனவர் ஊர். வள்ளங்கள் கரைசேர்ந்து ஏலம் நடக்கும் நேரத்தில் பாதி ஊர் மணலில் நிற்கும். யார் யாரோடு நின்று பேசினார்கள் என்பது, மீனில் ஐஸ் போடுவதற்கு முன்பே தெருவுக்குள் போய்விடும். இங்கே சிநேகிதனோடு காதலி வேஷம் போட எந்தப் பெண்ணுக்கும் துணிச்சல் வராது. இங்கே நடப்பது நேர்மாறான நாடகம். காதலிப்பவர்கள் முகம் தெரியாதவர்களைப்போல் நடிக்கிறார்கள். திருச்செந்தூர் பஸ்ஸில் அவள் முன்சீட்டில் தோழிகளோடு இருப்பாள், அவன் பின்படிக்கட்டில் நிற்பான். அவளுக்கும் சேர்த்து அவன் டிக்கெட் எடுத்தது கண்டக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த ஊர்வாய்க்கு வயது ஈராயிரம் ஆண்டு. சங்கப் பாடல்களில் அதற்கு அலர் என்று பெயர். நெய்தல் நிலத்துத் தலைவி அந்தப் பேச்சுக்கு அஞ்சி ஒடுங்குவாள். அதே பேச்சைக் காட்டித் தோழி தலைவனைக் கல்யாணத்துக்கு அவசரப்படுத்துவாள். இன்றைய நாவலின் நண்பர்களோ அந்த அலரைத் தாங்களாகவே கிளப்பிவிடுகிறார்கள். ஊர் பேசட்டும் என்று கைகோத்து நடக்கிறார்கள்.

நம் ஊர்களிலும் அனுமதி பெற்ற விளையாட்டுக் காதல் ஒன்று உண்டு. அத்தை மகனையும் மாமன் மகளையும் தொட்டில் பருவத்திலேயே ஜோடி சேர்த்து, “உன் மாப்பிள்ளை வாறான் பாரு” என்று கேலி பேசுவார்கள். வயது வந்தபின் சிலருக்கு அந்தக் கேலி நிஜமாகிவிடும். சிலருக்கு அதுவே கழுத்தில் கட்டிய கல்லாகும். அந்த நாடகத்தில் நடிக்கச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லையே.

தமிழில் நடிப்புக் காதல் கதைக்கு ஒரு மூத்த முகம் 1955 பொங்கலுக்கு வந்த ‘மிஸ்ஸியம்மா’. எல்.வி. பிரசாத் இயக்கிய விஜயா புரொடக்ஷன்ஸ் படம். ரவீந்திரநாத் மைத்ராவின் வங்காள நாடகத்திலிருந்து பிறந்தது. ஜமீன்தார் நடத்தும் பள்ளிக்கு ஆசிரியர்களாகப் பட்டம் பெற்ற தம்பதி வேண்டும். வேலையில்லாத இந்து இளைஞன் ஜெமினி கணேசன். கடன் நெருக்கடியில் தவிக்கும் கிறிஸ்தவப் பெண் மேரியாகச் சாவித்திரி. இருவரும் கணவன் மனைவி என்று பொய் சொல்லி வேலையில் சேர்கிறார்கள். ஜமீன்தார் மகளோடு அவன் நெருங்கிப் பழகும்போது மேரிக்குப் பொறாமை பொங்குகிறது. இல்லாத கணவன்மேல் எப்படி உரிமை வந்தது? ஒரே கூரையின்கீழ் தினமும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் காத்தார்களே, அந்தக் காவலில்தான் வந்தது. அக்கறையைத் தினமும் செய்கிறவர்களுக்கு அது வெறும் நடிப்பாக நெடுநாள் இருப்பதில்லை. இதை இத்தனை நுட்பமாகச் சொன்ன படத்தின் முடிவு மட்டும் என்னை வருத்துகிறது. மேரி, ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் மகாலட்சுமி என்று தெரிந்துவிடுகிறது. மேரி மேரியாகவே அவனை மணந்திருக்கலாமே! கிறிஸ்தவக் கரையில் வாழும் எந்த மேரிக்கும் இந்தக் கேள்வி எழும்.

இந்தக் கரையின் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று முறை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்த ஒழுங்கு. ஒரு ஜோடியின் பெயர்களைச் சேர்த்து ஊர் முன்னால் உரக்கச் சொல்வது அன்றுதான். அதுவரை சேர்ந்து நின்றதே குற்றமாய் இருந்தவர்களுக்கு, அன்றிலிருந்து சேர்ந்து நிற்காவிட்டால்தான் கேள்வி வரும். நடுவில் பழகிப் பார்க்க, சிநேகிதர்களாய் இருந்து பார்க்க, ஒத்துவராது என்று கௌரவமாய் விலக இடமே இல்லை.

நடிப்புக் காதல் நாவலின் வசீகரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பொய் என்ற சாக்கில் இருவருக்கும் பழகக் காலம் கிடைக்கிறது. அவன் கோபத்தை எப்படிக் கையாள்கிறான், அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றி என்ன பேசுகிறான் என்று பார்க்க அவளுக்கு நாள்கள் கிடைக்கின்றன. வேண்டாம் என்றால், நடித்தோம் என்று சொல்லி அவள் பெயர் கெடாமல் வெளியேறலாம். கடற்கரையில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்த நாவலில் மிகப் பெரிய கனவு, அப்படி வெளியேற முடிகிற அந்தக் கதவுதான்.

அந்தக் கதவுக்கு ஒரு பெண் பொய் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. மகளின் சிநேகிதன் வாசலில் வந்து நின்றால், உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிற வீடுகள் நமக்கு வேண்டும். அந்த வீடுகளில் பிறக்கும் காதல், சேர்ந்தாலும் பிரிந்தாலும் யாரையும் அழிக்காது.