படிக்கட்டு விளக்கு

எம்மை ஆளாக்கிய கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இவ்வேளையில், பழைய மாணவர் என்னும் உரிமையோடு எதனை எழுதி அவள் திருமுன் வைக்கலாம் எனச் சிந்தித்தோம். இலக்கிய ஆராய்ச்சி எழுத வல்லார் பலர் உளர். யாமும் தமிழாசிரியரே, ஆயினும் ஈண்டு எழுதப் புகுந்தது ஒரு மாடிக் குடியிருப்பின் படிக்கட்டு விளக்கைப் பற்றி. அன்பர்கள் நகைக்க வேண்டா. அவ்விளக்குப் புகட்டிய பாடம் ஆசிரிய கலாசாலையிலும் யாம் கல்லாதது.

யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதல் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி இருந்த காலத்து மாணவர் யாம். சிறு போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கின் முன்னே நன்னூலும் கணிதமும் படித்தோம். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எம்மோடு ஒரே வாங்கில் இருந்த நண்பரொருவர் அந்த டைனமோவைக் கழற்றிப் பூட்டுவதில் வல்லவர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு அவர் படிப்பு நின்றது. பின்னர் கொழும்பிலே மின்னிணைப்புத் தொழில் பழகி, முறையான சான்றிதழும் பெற்றார்.

வெள்ளவத்தையில் யாம் வாழும் கட்டிடம் நான்கு மாடி கொண்டது, மின்தூக்கி இல்லாதது. படிக்கட்டுக்கும் நடைகூடத்துக்கும் 12 மின்குமிழ்கள். ஒவ்வொன்றும் 18 உவாற்று. மாலை 6 மணி தொடங்கிக் காலை 6 மணிவரை எரியின் இரவொன்றுக்கு இரண்டரை அலகுக்கு மேற் செலவாகும். இவற்றை ஏற்றி அணைக்க ஒரு மணிக்கூட்டு ஆளி இருந்தது. மின்கலம் இல்லாத அக்கருவி, மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, அது இரவைப் பகலென்றும் பகலை இரவென்றும் மயங்கிற்று. நண்பகலில் விளக்குகள் எரிந்தன. அவ்வாண்டு ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெரிதும் உயரவே, குடியிருப்பாளர் கூட்டத்தில் வழக்கெழுந்தது.

மணிக்கூட்டை நீக்கி, மாடிதோறும் ஓர் அழுத்தி பொருத்துவது என்றும், அழுத்தினால் விளக்குகள் குறித்த நேரம் எரிந்து தாமே அணைவது என்றும் முடிவாயிற்று. எத்தனை நிமிடம்? மூன்று என்றனர் சிலர். ஒன்றே போதும் என்றனர் சிலர். இரு பக்கமும் சமமாய் நிற்க, செயலாளராகிய எம் முகத்தை அனைவரும் நோக்கினர். எவர் மனத்தையும் நோகச் செய்ய விரும்பாது, “யாம் நடுநிலை” என்று கூறி வாளாவிருந்தோம். அது பெருந்தன்மை என்றே அன்று எண்ணினோம். சிக்கனம் வென்றது, ஒரு நிமிடம் என்றாயிற்று.

நான்காம் மாடியில் எழுபது கடந்த அம்மையார் ஒருவர் வாழ்கின்றார், ஓய்வுபெற்ற ஆசிரியை. மழையிரவொன்றில் கையிற் பையோடு அவர் ஏறிவருகையில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே விளக்கு அணைந்தது. இருளில் அழுத்தியைத் தடவித் தேடியவர் கால் தவறி வீழ்ந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. யாம் பார்க்கச் சென்றபோது எவரையும் அவர் குறைகூறவில்லை. “தம்பி, ஒரு நிமிடம் உங்கள் கால்களுக்குப் போதும்” என்று மட்டுமே சொன்னார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாளே அக்கல்லூரி நண்பரை அழைத்தோம். ஞாயிறு காலை அவர் வந்து ஏணி சார்த்தினார். ஏணி பிடிக்கும் பணி எமதாயிற்று. மேலேறுவோர் உடற்சூட்டை உணர்ந்து விளக்கேற்றும் சென்சர்களைப் படிக்கட்டின் திருப்பந்தோறும் பொருத்துவது அவர் திட்டம். பழைய ஆளிப் பெட்டிகளைத் திறந்தவர் தலையசைத்தார். அவற்றினுள் உயிர்க் கம்பியும், விளக்குக்குச் செல்லும் கம்பியும் மட்டுமே இருந்தன. சென்சர் தானும் இயங்க வேண்டியதாகலின் அதற்கு நொதுமல் கம்பியும் வேண்டும்.

அண்டை வீட்டுச் சுற்றிலிருந்து ஒரு நொதுமல் கம்பியை இழுத்துக்கொண்டால் என்ன என்று வினவினார் ஒருவர். நண்பர் சினந்தார். “ஒரு சுற்றை நிறுத்திவிட்டு, இனி அபாயமில்லை என்று அதனைக் கழற்றுவான் ஒருவன். இரவல் கம்பியிலோ மற்றச் சுற்றின் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கழற்றியவன் கதி என்ன? ட்ரிப் சுவிச்சும் ஓயாது விழும்” என்றார். விநியோகப் பெட்டியிலிருந்தே புதிய வடம் இழுத்தார்.

நொதுமல் என்னும் சொல் எமக்குப் புதிதன்று. நடுவுநிலைமை அதிகாரத்துக்குப் பரிமேலழகர் வகுத்த உரையிலே பகையும் நட்பும் அல்லாத மூன்றாம் பகுதியாக அதனைப் படித்திருக்கின்றோம்; வகுப்பில் விளக்கியும் இருக்கின்றோம். பகையல்லாதது தீங்கும் செய்யாது என்றே கருதியிருந்தோம். ஏணியைப் பிடித்து நின்றபோது அக்கருத்துத் தளர்ந்தது. பேச வேண்டிய இடத்திற் பேசாதிருந்த எம் நொதுமலன்றோ அம்மையார் கையை முறித்தது!

அடுத்து, அந்தி கண்டு விளக்கேற்றும் ஒளியுணரி. கொழும்பில் ஞாயிறு மறையும் நேரம் ஆண்டு முழுவதும் முக்கால் மணிநேரத்துக்கு மேல் மாறுவதில்லை. ஆயினும் மழை மாலைகளில் இருள் முந்திவிடும் ஆதலின், கடிகாரத்தினும் இதுவே தக்கது. எல்.இ.டி. குமிழ்கள் எரியத் தொடங்கும் கணத்தில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, சிறு ஆளிகளின் முனைகளை ஒட்டச் செய்யும் என்று கூறி, கொன்ராக்ரர் எனத் தொழிலாளர் வழங்கும் காந்த ஆளி ஒன்றையும் இடையே இணைத்தார். முதல் மாலை ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. விளக்கெரிந்தது, அவ்வொளி ஒளியுணரி மீதே பட்டது, அது பொழுது விடிந்ததென மயங்கி விளக்கை அணைத்தது, உடனே இருள்கண்டு மீண்டும் ஏற்றிற்று. குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர். நண்பர் அதன் முகத்தை வானை நோக்கித் திருப்பினார், மயக்கம் தீர்ந்தது.

இப்பொழுது மாடிக்கு ஒன்றாக நான்கு குமிழ்கள் இரவு முழுவதும் எரிகின்றன. ஏனையவை ஆள் வரக் கண்டு எரிந்து, மூன்று நிமிடம் பொறுத்து அணைகின்றன. செலவு முன்னைய இரவு முழு எரிப்பிற் பாதியும் இல்லை. ஒரு நிமிட ஏற்பாடு இதனினும் மலிவு என்பதை மறுக்கவில்லோம். அம்மையார் கையின் விலை அக்கணக்கில் எழுதப்படவில்லை. இம்முறை கூட்டத்தில் யாமே முதலிற் பேசினோம். முன்னர்ப் பேசாதிருந்தமைக்கு மன்னிப்பும் வேண்டினோம்.

நண்பர் தம் கூலியைக் குறைவின்றிப் பெற்றுக்கொண்டார். “வாத்தியார், ஏணி பிடித்ததற்குக் கழிவில்லை” என்றார். கட்டுப் போட்ட கையோடு அம்மையார் அன்றிரவு ஏறிவந்தார். திருப்பந்தோறும் விளக்கு அவருக்கு முன்னே எரிந்தது. சற்று நின்று, “யார் செய்தது?” என வினவினார். எம் கல்லூரிப் பெயரைச் சொல்லி, “அங்கே எம்மோடு படித்தவர்” என்றோம். படிப்பு முற்றுப்பெறாத அந்த மாணவரையும் அன்னை தன் பிள்ளையென எண்ணிப் பெருமைகொள்வாளாக. அவள் ஏற்றிய விளக்கு நீடு எரிக!