அம்பயர் பக்கம் அம்மா

கிரிக்கெட் என்றதும் பத்திரிகையை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! இதில் கதாநாயகி என் அம்மா. மட்டையை அவள் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

1986-ம் வருஷம் செப்டம்பர் மாதம். சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் பந்தயம். எனக்கு அப்போது பத்து வயசு. திருப்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஐந்து நாளும் வேறு பேச்சே இல்லை. டீன் ஜோன்ஸ் என்ற இளைஞர் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆடி 210 ரன் குவித்தார். ஆட்டம் இழந்ததும் நேரே ஆஸ்பத்திரிதான்! நம் கபில்தேவ் 119 அடித்து மானத்தைக் காப்பாற்றினார். கிரெக் மாத்யூஸ் என்பவரோ அந்த வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பந்து வீசினாராம். பனியன் ஊரான எங்களுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு.

கடைசி நாள், 22-ந் தேதி, திங்கட்கிழமை. ஜெயிக்க 348 ரன் வேண்டும். கவாஸ்கர் 90 அடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, மூலை வீட்டுத் திண்ணையில் இருந்த ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். 331-ல் ஏழாவது விக்கெட், 334-ல் எட்டாவது, 344-ல் ஒன்பதாவது! கடைசி ஓவர். ரவி சாஸ்திரி முதலில் இரண்டு ரன், அப்புறம் ஒன்று எடுத்தார். ஸ்கோர் சமம். இன்னும் மூன்றே பந்து. வேண்டியது ஒரே ரன். மணீந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து காலில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு விரலை உயர்த்திவிட்டார். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை! டெஸ்ட் சரித்திரத்தில், 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததற்கு அப்புறம், இது இரண்டாவது தடவை.

பந்து முதலில் மட்டையில்தான் பட்டது என்று மணீந்தர் சொன்னதாக மறுநாள் தெருவெல்லாம் பேச்சு. என் அண்ணன் கொதித்துப் போனான். ராத்திரி அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும், அந்த அம்பயரைத் திட்டித் தீர்த்தான்.

அம்மாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படிகளைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். அந்த வாரம் ஒரு டெய்லர் தைத்ததில் பாதிக் கட்டை ஒதுக்கியிருந்தாள். அவர் எங்கள் எதிர் வீட்டுக்காரர். பீஸ் கணக்கில் கூலி. அவருக்குப் பணம் போயிற்று. குழாயடியில் அவர் சம்சாரம் அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

"நீ கிட்ட நின்னு பாத்தயா கண்ணு?" என்றாள் அம்மா.

"நான் எங்கீங்கம்மா பாக்கறது? ஊரே சொல்லுதுங்க!"

"பாத்தவன் ஒருத்தன். அவனுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிப்போட்டான். இன்னும் ஒரு பந்து போகட்டும்னு சும்மா நின்னிருந்தா அவனுக்கு ஒரு பொல்லாப்பும் இல்லை. ஆனா நிக்கறதுக்கா அவனைக் கூப்பிட்டாங்க? சொல்லோணும். சொன்னதுக்கப்புறம் அந்த மூஞ்சியையும் பாக்கோணும்."

அண்ணன் எதிர் வீட்டைப் பார்த்தான். அதற்கு மேல் அன்று அவன் வாய் திறக்கவில்லை.

2020-ல் டீன் ஜோன்ஸ் மும்பையில் காலமானபோது பத்திரிகைகள் அந்தக் கதையை மறுபடி எழுதின. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த அம்பயரை மறுபடி கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, விக்ரம்ராஜுவுக்கு அதற்குப் பிறகு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னை அடுத்த நாளும் கூப்பிட்டாங்க" என்றாள் மெதுவாக.

இப்போது மைதானத்தில் எத்தனையோ காமிராக்கள். அம்பயர் சொன்னதையே திருப்பிக் கேட்கலாம். ஆனாலும் திட்டு நின்றபாடில்லை. அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை டெலிவிஷன் முன்னால் நின்று அம்பயரை வைதால், கையில் ஒரு கட்டுப் பனியனைக் கொடுத்து, எதிரே தைத்தவரையும் உட்கார வைத்து, "இதில் பழுது எது, சொல்!" என்று கேட்டுப் பாருங்களேன்.